கை சரியில்லை என்று இறங்கி வந்தவர்

நல அலுவலர் வேலைக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் மேசையை கேன்டீனுக்கும் கழிப்பறைக்கும் நடுவில் போட்டிருப்பார்கள். அது தற்செயல் அல்ல. உங்கள் பணியைப் பற்றி நிர்வாகம் வைத்திருக்கும் கருத்து. சாம்பாரில் விழுந்த பல்லி, கிரேச்சில் அழும் குழந்தை, மாமியாரோடு சண்டை போட்டுவிட்டு வேலைக்கு வந்தவர், எல்லாம் உங்களிடம்தான் வரும். தொழிற்சாலைச் சட்டத்தையும் விதிகளையும் படித்துவிட்டு வந்திருப்பீர்கள். நல்லது. நான் மனப்பாடமே செய்திருந்தேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எந்தப் பிரிவு என்று சொல்லிவிடுவேன். என் மனைவி ஒருமுறைகூட அப்படி எழுப்பிக் கேட்டதில்லை. அவளுக்கு நல்ல புத்தி.

பயிற்சியில் ஒரு வகுப்பு நடத்துவார்கள்: போதைக்கு அடிமையான தொழிலாளியை அடையாளம் காண்பது எப்படி? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில், இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த ஆண்டுகளில், நான் ஓர் இரும்பு உருட்டாலையில், அதாவது ரோலிங் மில்லில், வேலை பார்த்தேன். அங்கே அப்படிப்பட்டவர் ஒருவர்கூட இருந்ததில்லை. நானாகச் சொல்லவில்லை, அவர்களைக் கேட்டுத்தான் சொல்கிறேன்.

குடிப்பவரைக் கேட்டேன். "நான் குடிப்பேன் சார், அத ஒத்துக்கறேன். ஆனா போதை கீதைன்னு நம்மகிட்ட எதுவும் கெடயாது. கஞ்சாக்காரன்தான் போதை ஆளு."

கஞ்சாக்காரரைக் கேட்டேன். "இது எல சார். செடில மொளைக்கிறது. மாத்திரை போடறான் பாரு, அவன்தான் கேஸு."

தூக்க மாத்திரை போடுகிறவர் என் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "டாக்டரு எழுதிக் குடுத்தா மருந்து, நானா போய் வாங்கினா போதையா? இன்னா சார் நாயம் இது? ஊசி போட்டுக்கினு கீறானுங்களே, அவனுங்கள போய் கேளு."

இப்படியே ஒவ்வொருவரும் ஒரு படி கீழே கை காட்டினார்கள். கடைசிப் படியில், பஞ்சர் ஒட்டும் பசையை முகர்கிறவர் ஒருவர் இருந்தார். தனக்குக் கீழே யாராவது இருக்கிறார்களா என்று அவர் சற்று நேரம் யோசித்தார். பிறகு குடிகாரரைக் காட்டினார். "அவன் பொண்டாட்டிய அடிக்கிறான் சார். நான் யாரயாவது அடிச்சி பாத்து கீறியா?"

ஏணி என்று நான் நினைத்தது வட்டமாகிவிட்டது. இதைப் பார்த்துச் சிரிக்கலாம். நானும் சிரித்தேன். ஆனால் அந்த வட்டத்தில் நின்ற ஒவ்வொருவரும் காலையில் எழுந்து, முகம் கழுவி, 'நான் அந்த மாதிரி ஆள் இல்லை' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டுதான் வேலைக்கு வந்தார். அந்த வாக்கியத்தைப் பிடுங்கிக்கொண்டால் ஆள் வேலைக்கு வருவாரா என்று பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தரவில்லை.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சுவரொட்டி அனுப்பினார்கள். பரட்டைத் தலை, தாடி, சிவந்த கண், கிழிந்த சட்டை. கீழே பெரிய எழுத்தில்: 'இவனை அடையாளம் காணுங்கள்.' நுழைவாயில் காவலர்கள் அதை உத்தரவாகவே எடுத்துக்கொண்டார்கள். இரும்பாலையில் யாருக்குக் கண் சிவந்திருக்கும்? வெல்டருக்குச் சிவந்திருக்கும். உலைக்கு முன்னால் நிற்பவருக்குச் சிவந்திருக்கும். அந்த வாரம் முழுக்க வெல்டர்களை வாயை ஊதச் சொல்லி ஊதச் சொல்லி வேலை தாமதமானது. தாடி வைத்திருந்தவர் எங்கள் ஃபிட்டர் ஒருவர் மட்டுமே. பீடிகூடப் பிடிக்காதவர். திருத்தணி முருகனுக்கு வேண்டிக்கொண்டு முடி வளர்த்துக்கொண்டிருந்தார். தினமும் இரண்டு வேளை அவர் பை சோதிக்கப்பட்டது. அவர் போய் மொட்டை போட்டுக்கொண்டு வந்த அன்றுதான் காவலர்கள் அவருக்கு மறுபடி வணக்கம் வைத்தார்கள்.

அதே வாசல் வழியாக தினமும் எபிநேசர் உள்ளே வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, வழித்த முகம், எண்ணெய் தடவி வாரிய தலை. காவலர்கள் எழுந்து நின்று பேசுவார்கள்.

எபிநேசர் எங்கள் கிரேன் ஆபரேட்டர். கூரைக்கடியில் தண்டவாளத்தில் ஓடுமே, அந்த வகைக் கிரேன். அதன் கூண்டில் உட்கார்ந்து, இரும்புக் கட்டைகளைக் கட்டுக்கட்டாகத் தூக்கி, ஆலையின் நீளத்துக்கும் கொண்டுபோய் வைப்பது வேலை. கீழே கலாசிகள் நிற்பார்கள். சுமைக்குச் சங்கிலி மாட்டுவதும், தூக்கு, நிறுத்து, இறக்கு என்று கையால் சைகை காட்டுவதும் அவர்கள். பேச்சு ஒன்றும் கேட்காத இரைச்சலில் அந்தக் கைகள்தான் மொழி. மேலே இருப்பவர் தவறினால் சாகப்போவது கீழே இருப்பவர்கள். அதனால் கலாசிகள் யாரையும் எளிதில் மெச்ச மாட்டார்கள். எபிநேசரை மெச்சினார்கள். அவர் இறக்கி வைத்தால் பக்கத்தில் இருக்கும் டீ கிளாஸ்கூட ஆடாது என்று கலாசிகளின் தலைவர் மஸ்தான் சொல்வார். மஸ்தான் பழவேற்காட்டுக்காரர். அவர் சொந்தத் தம்பியைப் பற்றிக்கூட இவ்வளவு நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

ஒரு நாள் முற்பகல், பாதி வழியில் கிரேன் நின்றது. தொங்கிக்கொண்டிருந்த சுமை மெதுவாகக் கீழே வந்து தரையில் அமர்ந்தது. எபிநேசர் ஏணி வழியாக இறங்கி வந்தார். மேற்பார்வையாளர் ஓடினார். நான் கேன்டீன் புகார் ஒன்றுக்காக அந்தப் பக்கம் போயிருந்தேன்.

"இன்னா எபி, வேலை பாதில கீது, எறங்கி வர்ற?"

"லோட கீழ வெச்சிட்டுத்தான் எறங்கினேன். கை சரியில்ல. வேற ஆள ஏத்து."

"கைக்கு இன்னா? அடி பட்டுச்சா?"

"அடி இல்ல. காலைல ஊசி போடல, அதான் நடுங்குது."

"இன்னா ஊசி? சக்கரையா?"

கவனியுங்கள், அங்கே ஒரு கதவு திறந்திருந்தது. ஆமாம், சர்க்கரை என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். மேற்பார்வையாளர் உட்காரச் சொல்லியிருப்பார், கேன்டீனிலிருந்து மோர் வந்திருக்கும். எபிநேசர் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு சொன்னார்:

"வலி ஊசி. முதுகு வலிக்குதுன்னு போட ஆரம்பிச்சேன். இப்ப முதுகு வலி இல்ல. ஊசி மட்டும் கீது."

டீ நேரத்துக்குள் ஆலை முழுக்கத் தெரிந்துவிட்டது. காலையில் கிரேன் ஆபரேட்டராக ஏறியவர் மாலையில் 'ஊசி பார்ட்டி'யாக வீட்டுக்குப் போனார். "எனக்கு அப்பவே தெரியும்" என்று கஞ்சாக்காரர் சொன்னார். "இந்த மாதிரி ஆளுங்களாலதான் நம்ம பேரு கெடுது" என்று மாத்திரைக்காரர் வருத்தப்பட்டார்.

எபிநேசர் மீது இரண்டு குற்றச்சாட்டுகள் வைத்தார்கள். ஒன்று, அனுமதியின்றி வேலையிடத்தை விட்டு இறங்கியது. இரண்டு, போதையில் வேலைக்கு வந்தது. உற்பத்தி மேலாளர் அந்தத் தாளை என்னிடம் காட்டி ஒரு பார்வை பார்க்கச் சொன்னார். பார்த்தேன்.

"சார், ஊசி போடாததனால்தான் அவர் இறங்கினார். போட்டுவிட்டு வந்தார் என்று இரண்டாவது குற்றச்சாட்டு சொல்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். முதலாவதை வைத்துக்கொண்டால், கை நடுங்குகிறவன் சுமையோடு மேலேயே இருந்திருக்க வேண்டும் என்பது நம் நிர்வாகத்தின் கொள்கை என்று ஆகிவிடும்."

"நீங்க யார் பக்கம்? கம்பெனி சம்பளம்தானே வாங்கறீங்க?"

"ஒழுங்கு நடவடிக்கையில் நல அலுவலர் நிர்வாகத்தின் சார்பில் வரக்கூடாது என்று விதி இருக்கிறது சார்."

"அப்ப வராதீங்க."

"வரவில்லை. தொழிலாளியின் சார்பில் வரக்கூடாது என்று விதி இல்லை."

இங்கே உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. எபிநேசரை வீரர் ஆக்கிவிடாதீர்கள். எத்தனை நாள் ஊசியோடு மனிதர்களின் தலைக்கு மேல் இரும்பை ஓட்டினாரோ, யாருக்குத் தெரியும்? ஒன்றும் ஆகவில்லை. தன் கைத்திறமை என்று அவர் நம்பினார். அதிர்ஷ்டம் என்று நான் நம்புகிறேன். ஆனால் அதிர்ஷ்டம் தீர்ந்துபோன நாளில் சுமையைத் தரையில் வைத்துவிட்டு இறங்கி வந்தவர் அவர்தான். ஒரு தொழிற்சாலைக்கு அதைவிடப் பெரிய பாதுகாப்புச் சாதனம் எந்தக் கண்காட்சியிலும் கிடைக்காது. அந்தச் சாதனத்துக்கு நாங்கள் மெமோ கொடுத்திருந்தோம்.

பேசிப் பேசி ஓர் உடன்பாடு வந்தது. விசாரணை நிறுத்தி வைக்கப்படும். எபிநேசர் போதை மீட்பு மையத்தில் சேர்ந்து, குணமானார் என்ற சான்றிதழோடு வந்தால் கிரேன் அவருக்கே. சான்றிதழ் இல்லையென்றால் வேலை இல்லை. எபிநேசரின் மனைவி ஸ்டெல்லா கையெழுத்துப் போட வந்தபோது என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்த பேப்பரு வந்தா வேலை நிச்சயமா சார்?" நிச்சயம் என்றேன். அப்போது அது உண்மைதான்.

மையம் திருவாலங்காட்டுப் பக்கம், வயல்களுக்கு நடுவில் இருந்தது. ஒழுங்கான இடம். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மருந்து, மருத்துவர் வந்து போவார். எபிநேசருக்கு உடம்பை முறுக்கிய முதல் நாட்களை அவர்கள் நன்றாகவே கவனித்துக்கொண்டார்கள். அந்த மையத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தினமும் காலையில் வட்டமாக உட்கார வேண்டும். ஒவ்வொருவராக எழுந்து, பெயரைச் சொல்லி, 'நான் ஒரு போதை நோயாளி' என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் கைதட்டுவார்கள். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்வதுதான் குணத்தின் முதல் படி என்பது அவர்கள் நம்பிக்கை. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. அந்த வாக்கியத்தை வெள்ளத்தில் கிடைத்த கயிறு மாதிரிப் பிடித்துக்கொண்டு கரையேறி, அப்புறம் எதையும் தொடாமல் வாழ்ந்தவர்கள் இருக்கிறார்கள். எனக்கே சிலரைத் தெரியும்.

ஆனால் கயிறு எல்லார் கைக்கும் பிடிபடுவதில்லை. அங்கே முன்னாள் லாரி புரோக்கர் ஒருவர் இருந்தார். பல மையங்களைப் பார்த்தவர். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் குரல் சரியான இடத்தில் உடையும், கண்ணில் நீர் நிற்கும். புதிதாக வருகிறவர்களுக்கு அவரையே உதாரணமாகக் காட்டினார்கள். சான்றிதழ் வாங்கிய அன்றே ரயில் ஏறுவதற்கு முன்னால் ஊசி ஏற்றிக்கொள்வது அவர் வழக்கம் என்று எபிநேசரிடம் அவரே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

எபிநேசர் எழுந்து சொன்னது வேறு. "எம் பேரு எபிநேசர். நான் கிரேன் ஆபரேட்டர். ஊசி போட்டுக்கினு இருந்தேன். இப்ப போடல." யாரும் கைதட்டவில்லை. மறுநாளும் அதையே சொன்னார். இதற்குப் பெயர் மறுப்பு மனநிலை என்று மையத்தின் பொறுப்பாளர் பதிவு செய்தார். மறுப்பு மனநிலைக்கு மருந்து, கழிப்பறை கழுவுவது. எபிநேசர் கழுவினார். அவர் இருந்த காலத்தில் அந்த மையத்தின் கழிப்பறைகள் எங்கள் ஆலையின் விருந்தினர் அறையைவிடச் சுத்தமாக இருந்தன. இரண்டையும் பயன்படுத்திய அனுபவத்தில் சொல்கிறேன்.

அவரை அழைத்து வர ஸ்டெல்லாவும் நானும் போனோம். பொறுப்பாளர் நாகரிகமான மனிதர். சான்றிதழை எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல் மேசையில் வைத்திருந்தார். "உடம்பு தேறிவிட்டது. மனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஒரே ஒரு முறை சொல்லட்டும், இங்கே, நம் மூவர் முன்னால். உடனே கையெழுத்து."

"சொல்லித் தொலையேன்யா" என்றார் ஸ்டெல்லா. "வாயி இன்னா தேஞ்சா பூடும்? கல்யாணத்துல பாதிரியாரு கேட்டதுக்கெல்லாம் ஆமா ஆமான்னு சொல்லல? அதுமாரி நெனச்சிக்கோ."

"அது நெசம், சொன்னேன்."

"இதுவும் நெசந்தான?"

"ஊசி போட்டது நெசம். அத யாரு கேட்டாலும் சொல்றேன். நோயாளின்னு இன்னாத்துக்கு சொல்லணும்?"

"பிடிவாதம் புடிச்ச நோயாளி நீ" என்றார் ஸ்டெல்லா. பொறுப்பாளர் ஆர்வமாக நிமிர்ந்தார். மனைவி சொன்னது கணக்கில் வராது போலிருக்கிறது, மறுபடி சாய்ந்துகொண்டார்.

எபிநேசர் என்னைப் பார்த்துப் பேசினார். "சார், நான் இங்க நோயாளின்னு சொல்லிட்டு அங்க போய் மேல ஏறினா, கீழ நிக்கிறவன் இன்னா நெனப்பான்? ஒரு நோயாளி என் தலைக்கு மேல லோடு ஓட்டறான்னுதான? அது போவட்டும். நாளைக்கு என் கை நடுங்கினா நான் இன்னா நெனப்பேன்? நோயாளி கை, நடுங்கத்தான் செய்யும்னு விட்டுடுவேன். ஆபரேட்டர் கை நடுங்கினா நான் எறங்கணும் சார். அன்னிக்கு எறங்கினது யாரு, நோயாளியா?"

பொறுப்பாளரிடம் அதற்குப் பதில் இருந்தது. அதுவும் மறுப்பு மனநிலையின் ஒரு வகைதான் என்றார். அவர் ஒரேயடியாகத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. இப்படி அழகாகப் பேசிவிட்டு அடுத்த வாரமே விழுந்தவர்களையும் அவர் பார்த்திருப்பார். 'சிகிச்சைக்கு வந்திருந்தார்' என்று மட்டும் ஒரு தாள் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு ரயில் ஏறினோம். திருவள்ளூர் வரும்வரை ஸ்டெல்லா ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது கணவரிடம் சொன்னார்: "ஆபரேட்டர் சார், பையத் தூக்கினு வா."

அடுத்த நாள் உற்பத்தி மேலாளர் அந்தத் தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் காலியாக இருந்தது.

"ஒரே வார்த்தையில சொல்லுங்க. இவன் அடிக்டா, இல்லையா?"

உங்களையும் இப்படித்தான் கேட்பார்கள். பதில் சொல்லிவிடாதீர்கள். ஆமாம் என்றால் வேலையிலிருந்து நீக்குவார்கள். இல்லை என்றால், பிறகு ஏதாவது நடந்தால், உங்கள் ஒரு வார்த்தையை உங்கள் கழுத்திலேயே மாட்டுவார்கள். அவர் யார் என்பது தொழிற்சாலைக்குத் தேவையில்லாத கேள்வி. இன்று அவர் கிரேனில் ஏறலாமா என்பதுதான் தேவையான கேள்வி. ஆலை மருத்துவரிடம் அனுப்பினேன். கண், கை, இரத்த அழுத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்தார். "இன்றைக்குத் தகுதியாக இருக்கிறார். நாளைக்கு எப்படி என்று கேட்காதீர்கள்" என்று எழுதிக் கொடுத்தார். நல்ல மருத்துவர். நாளையைப் பற்றிச் சொல்ல முடியாது என்று எழுத்தில் ஒப்புக்கொண்ட மருத்துவரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

மேலாளருக்கு அது போதவில்லை. எனக்கும் போதவில்லை என்பதுதான் உண்மை. அப்போது விதிமுறையில் எங்கும் இல்லாத ஒன்றைச் செய்தேன். சுமைக்குக் கீழே நிற்பவர்களைக் கேட்டேன்.

கலாசிகள் சாப்பாட்டு நேரத்தில் கட்டைகளின் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மஸ்தான் டிபன் பாக்ஸை மூடினார்.

"நாங்க சொல்றத வெச்சா முடிவு? இன்னா சார், எலெக்சன் வருதா?"

"நிற்கப்போவது நீங்கள்தானே?"

"இப்ப மேல ஓட்டறானே ரங்கன், அவன் ஊசியும் போடல, ஒண்ணும் போடல. ஞாயித்துக்கெழம கோயிலு. ஆனா லோட ஆட்டினு வர்றான் பாரு, நாங்க தெனிக்கும் கலிமா சொல்லிக்கினுதான் நிக்கிறோம்."

"நீ சொல்லு, நாங்க கோயிந்தா சொல்றோம்" என்றார் பக்கத்தில் இருந்த ஆரம்பாக்கத்துக்காரர்.

"அப்போ எபிநேசர் வரலாமா?"

மஸ்தான் டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்தார். "எபி நம்ம நைனாதான். ஆனா இத்தினி நாளு ஊசியோட எங்க தலைமேல ஓட்டினான் சார். எங்களாண்ட சொல்லல. அது எனுக்கு வயித்தெரிச்சலு. அவன் ஊட்டுல அவன் இன்னா போட்டா எனுக்கு இன்னா? ஆனா மேல ஏறினா எனுக்கு தெரியணும்."

அப்புறம் அவரே வழியும் சொன்னார். ஷிப்ட் தொடங்கும்போது எபிநேசர் கலாசிகளின் எதிரில் வந்து நிற்க வேண்டும். ஏறலாம் என்று அவரே சொன்னால் ஏறலாம், வேணாம் என்றால் வேணாம். வேணாம் என்றால் ஏன் என்று யாரும் கேட்கக் கூடாது. அன்றைக்கு அவர் கீழே நின்று சங்கிலி மாட்ட வேண்டும், ரங்கன் மேலே ஏற வேண்டும். சம்பளத்தில் கை வைக்கக் கூடாது. பொய்யாக ஏறலாம் என்று சொன்னதாகத் தெரிந்தால் கலாசிகளே அவரை வெளியே அனுப்பச் சொல்வார்கள்.

"இது அந்த மையத்தில் காலையில் சொல்லச் சொன்ன மாதிரிதானே?" என்று எபிநேசரிடம் கேட்டேன்.

"இல்ல சார்" என்றார். "அங்க நான் யாருன்னு கேட்டாங்கோ. மஸ்தான் பாய் கை எப்படின்னு கேக்கறாரு."

மேலாளர் ஒப்புக்கொண்டார். மனம் இளகி அல்ல. ரங்கன் அதற்குள் தூண் ஒன்றைச் சுமையால் இடித்து வளைத்திருந்தார். விசாரணை நிறுத்தியே வைக்கப்பட்டது. ஏதாவது ஒன்று நடந்தால் மறுபடி எடுப்போம் என்றார்.

ஏறலாம் என்ற நாட்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. நல்ல ஏற்பாட்டின் அடையாளம் அதுதான். ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிவது, வேணாம் என்று சொல்லும் நாளில்.

அது மழை நாளில் வந்தது. வாசலில் லாரிகள் நின்றிருந்தன. சரக்கு அன்றே போக வேண்டும் என்று காலையிலிருந்து தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. எபிநேசர் கலாசிகளின் எதிரில் வந்து நின்று, "இன்னிக்கு வேணாம் பாய்" என்றார். மஸ்தான் தன் கையுறை ஒரு ஜோடியை எடுத்து அவரிடம் கொடுத்தார். செய்தி மேலாளருக்குப் போனது. அவர் என்னையும் இழுத்துக்கொண்டு வந்தார்.

"என்ன, ஊசி போட்டுட்டு வந்திருக்கியா?"

எபிநேசர் வாயைத் திறப்பதற்குள் மஸ்தான் முன்னால் வந்தார். "அத கேக்கக் கூடாதுன்னுதான சார் பேச்சு?"

"நான் உன்கிட்ட பேசல. எபிநேசர், மேல ஏறு. ஏறலேன்னா பழைய விசாரணை இன்னிக்கே தொடரும். உன் வேலை போயிடும். புரியுதா?"

எபிநேசர் என்னைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. வலி மறுபடி வந்ததா, ஊசி மறுபடி வந்ததா, இரண்டும் இல்லாமல் வீட்டில் ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. இன்றுவரை தெரியாது. அவர் ஏறிவிடுவார் என்று எனக்குத் தோன்றியது. வேலை போய்விடும் என்றால் யாரும் ஏறுவார்கள். ஏணியை நோக்கி ஓர் அடி வைத்தும்விட்டார்.

"விசாரணையைத் தொடருங்கள் சார்" என்றேன். "உங்களுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வேணாம் என்றதற்காக இவர் வேலை போனால், இனிமேல் யார் கை எப்படி நடுங்கினாலும் ஏறலாம் என்றுதான் சொல்வார்கள். ரங்கனும் சொல்வார். அதற்கு நீங்கள் தயார் என்றால், கீழே யார் நிற்பது என்று மட்டும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள். நான் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன்."

மேலாளர் கலாசிகளைப் பார்த்தார். ஆரம்பாக்கத்துக்காரர் ஏற்கெனவே தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒரு கட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார். மஸ்தான் பீடிக்கட்டைத் தேடிக்கொண்டிருந்தார். வாசலில் ஒரு லாரிக்காரர் ஹாரன் அடித்தார்.

"ரங்கனை ஏத்துங்க" என்றார் மேலாளர். போகாமல் அங்கேயே நின்றார். எதைப் பார்க்க நின்றார் என்று எனக்குத் தெரியும்.

ரங்கன் ஏறினார். எபிநேசர் கையுறையை மாட்டிக்கொண்டு கட்டின் அருகே போனார். சங்கிலிக் கொக்கியை மாட்ட முதல் முறை அவரால் முடியவில்லை. இரண்டாவது முறையும் நழுவியது. மஸ்தான் உதவவில்லை, பக்கத்தில் நின்று காத்திருந்தார். மூன்றாவது முறை மாட்டியது. எல்லாரும் விலகினார்கள். சுமை எழுந்தது. எழுந்ததும் ரங்கன் வழக்கம்போல வேகமாக இழுத்தார். கட்டு பக்கவாட்டில் ஆட ஆரம்பித்தது.

எபிநேசர் முன்னால் போய், மேலே இருப்பவர் பார்க்கும் இடத்தில் நின்றார். நிறுத்து என்று ஒரு கையை உயர்த்தி விரித்தார். இரைச்சலில் கேட்காது என்று தெரிந்தும் கத்தினார்.

"டேய்! ஊஞ்சலா ஆட்டினு கீற? மெதுவா எட்றா! கீழ ஆளுங்கோ கீறோம்டா!"

கிரேன் நின்றது. ஆட்டம் அடங்கும்வரை அவர் அந்தக் கையை இறக்கவில்லை.

"கை நடுங்குதா பாருங்க" என்றார் மேலாளர் என் காதருகே.

பார்த்தேன். நடுங்கத்தான் செய்தது. ஆனால் அது என்ன சொல்கிறது என்பதில் மேலே இருந்தவருக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.